பின்னால் வருபவருக்காக எரிய வேண்டிய விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு ராத்திரி, மழை தூறிக்கொண்டிருந்தது, எனக்கு முன்னால் போன காரில் பிரேக் லைட் ஒன்றுகூட எரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்த வண்டிக்குப் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல், நடுவில் இருந்த இடைவெளி திடீரென்று சுருங்குவதைப் பார்த்துத்தான் இரண்டு முறை பிரேக்கை அழுத்தி மிதித்தேன், இரண்டாவது முறை ஈரச் சாலையில் வண்டி கொஞ்சம் வழுக்கியே நின்றது. அடுத்த சிக்னலில் அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "சார், உங்க பிரேக் லைட் எதுவுமே எரியல" என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். "தெரியும்" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் அன்றிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரியாமல் இருந்தால் குறை சொல்ல மாட்டேன், பல்ப் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, ஓட்டிக்கொண்டே நம் வண்டியின் பின்பக்கத்தை நாம் பார்க்கவும் முடியாது. தெரிந்தும் அப்படியே ஓட்டுவது வேறு. பின்னால் வருகிறவன் எப்படியாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது அது.

யோசித்துப் பாருங்கள், ஒரு காரில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லாமே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்காகத்தான். ஏ.சி., பாட்டு, மெத்தென்ற இருக்கை, ஏர்பேக், வைப்பர் எல்லாம் நமக்கு. வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுகிறோம், ஏ.சி.யில் குளிர் குறைந்தால் மெக்கானிக்குக்கு உடனே போன் போடுகிறோம். பின்பக்கச் சிவப்பு விளக்கும் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் மட்டும்தான் மற்றவர்களுக்காக வைத்தவை. அவை போனால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் குறைவதில்லை, வண்டி வழக்கம்போல ஓடுகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

பிரேக் லைட் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில், நடுவில் உயரமாக மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் இருக்கிறதே, அது முன்பெல்லாம் கிடையாது. 1974-ல் அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார், பின்னால் வந்து மோதுவது பாதிக்கும் மேல் குறைந்தது. அப்புறம் 1986 மாடல் கார்களிலிருந்து அங்கே அது கட்டாயமானது. எல்லா வண்டியிலும் வந்து, எல்லாருக்கும் கண் பழகிய பிறகு அந்தப் பலன் குறைந்து, பின்மோதல்களில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறைகிறது என்று அந்த நாட்டு அரசே பிற்பாடு கணக்குப் போட்டது. அதுவும் சின்ன எண் இல்லை, ஏனென்றால் ஏற்கெனவே இரண்டு விளக்கு எரியும் வண்டியில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்ததற்குக் கிடைத்த பலன் அது. ஒன்றுமே எரியாத வண்டிக்குப் பின்னால் போகிறவன் நிலைமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பல்ப் சூடாகி முழு வெளிச்சம் தருவதற்கும் எல்.இ.டி. எரிவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு பொருளைத்தான் "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

சரி, முன்பக்கத்துக்கு வருகிறேன். ஒரு ஹெட்லைட் மட்டும் எரியும் வண்டிகள் இரவில் எத்தனை எதிரே வருகின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். தூரத்தில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தால் பைக் என்றுதான் யாரும் நினைப்பார்கள், பைக்குக்கு விட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நம் வழியில் போவோம். சாலையின் ஓரத்துப் பக்க விளக்கு போயிருந்தால்கூட ஓரளவுக்குத் தப்பிக்கலாம். சாலையின் நடுவை ஒட்டிய பக்கத்து விளக்கு போய், ஓரத்து விளக்கு மட்டும் எரிந்தால், அந்த 'பைக்'குக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழுக் காரின் உடம்பு இருட்டில் வந்துகொண்டிருக்கும். குறுகலான சாலையில் ஓவர்டேக் பண்ணப் போகிறவனுக்கு அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இதில் இன்னொரு மோசமான பழக்கம் இருக்கிறது. ஹாலோஜன் பல்ப், அதாவது இழை சூடாகி எரியும் பழைய வகை பல்ப் உள்ள நிறைய வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும், ஒன்று கீழே தாழ்ந்து விழும் டிம்முக்கு, ஒன்று தூரத்துக்கு நேராக அடிக்கும் ஹைபீமுக்கு. நகரத்துக்குள் பெரும்பாலும் டிம்மில்தானே ஓட்டுகிறோம், அதனால் டிம் இழைதான் முதலில் அறும். அறுந்ததும் சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், ஹைபீம் இழை நன்றாகத்தானே எரிகிறது என்று அதையே போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள், மாதக்கணக்கில். எதிரில் வருகிறவர் டிம் பண்ணச் சொல்லி எத்தனை முறை விளக்கை மினுக்கினாலும் அவர்களால் பண்ண முடியாது, பண்ணினால் அவர்களுக்கே இருட்டாகிவிடும். ஒரு பல்ப் மாற்றும் வேலை, அதைத் தள்ளிப் போட்டதற்கு எதிரே வரும் ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது.

கண் கூசினால் என்ன, இரண்டு விநாடியில் சரியாகிவிடுமே என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. மூன்று விநாடி ஒன்றும் தெரியவில்லை என்றால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். அந்த 50 மீட்டருக்குள் யாராவது சாலையைக் கடக்கலாம், விளக்கில்லாத சைக்கிள் போகலாம், நாய் படுத்திருக்கலாம். வயதானவர்களுக்கு இது இன்னும் கொடுமை. அறுபது வயதில் கண்ணுக்குள் விழித்திரை வரை போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள் கண் மருத்துவர்கள். கூசினால் பழைய நிலைக்குத் திரும்பவும் அவர்களுக்கு அதிக நேரம் ஆகும். என் அப்பா நாற்பது வருடம் கார் ஓட்டியவர், இரவில் ஓட்டுவதை ஒரு நாள் தானாகவே நிறுத்திவிட்டார். "எனக்கு ரோடு தெரியுதுப்பா, எதிர்ல வர்ற லைட்டுதான் ரோட்டை மறைக்குது" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஹாலோஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட் கூட்டுக்குள் வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி.யையோ எச்.ஐ.டி. எனப்படும் இழையில்லாத வாயு விளக்கையோ வாங்கிச் சொருகுவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டின் உட்புறக் கண்ணாடி, ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும் இழையின் வெளிச்சத்தை வளைத்து அனுப்பத்தான் செய்யப்பட்டது. வெளிச்சம் புறப்படும் இடமும் வடிவமும் மாறினால் அது சாலையில் விழாமல் எல்லாப் பக்கமும் சிதறி எதிரில் வருபவரின் முகத்தில் விழும். ஓட்டுகிறவருக்கு வண்டி முன்னால் பளீரென்று இருக்கும், அதனால் நன்றாகத் தெரிவதுபோல ஒரு நினைப்பு வரும், தூரத்தில் தெரிய வேண்டியது உண்மையில் குறைந்தே தெரியும். அப்புறம், பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, பத்து வருடமாக அதே காரை ஓட்டுகிறவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கி நிறையச் சாமான் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், டிம்மில் போட்டாலும் ஹைபீம் மாதிரி எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். அப்போது வெளிச்சத்தைக் கீழே இறக்குவதற்குத்தான் அந்தச் சக்கரம். எண் கூடக் கூட வெளிச்சம் தாழும்.

புது வண்டிகளில் வேறொரு தொல்லை. பகலிலும் எரியும் முன்விளக்கு வந்துவிட்டது, டேஷ்போர்டும் எந்நேரமும் வெளிச்சமாகவே இருக்கிறது. முன்பெல்லாம் ஹெட்லைட் போட மறந்தால் மீட்டரே தெரியாது, உடனே நினைவு வந்துவிடும். இப்போது தெருவிளக்கு உள்ள சாலையில், முன்னால் கொஞ்சம் வெளிச்சம், உள்ளே எல்லாம் பளபளப்பு, எல்லா விளக்கும் எரிகிறது என்ற நினைப்பில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பல வண்டிகளில் அந்தப் பகல் விளக்கு முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் ஒரு புள்ளிச் சிவப்புகூட இருக்காது. கறுப்போ அடர் நீலமோ ஆன கார், மழை இரவு, பின்னால் விளக்கில்லை. அப்படி ஒரு வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பதற்றம். சுவிட்சை ஒரு முறை திருப்பினால் போதும், குறைகூட இல்லை அது, கவனக்குறைவு மட்டும்தான்.

டிம் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுகிறவர் பார்த்து, புரிந்து, காலை மாற்றி மிதித்து நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே 65 மீட்டருக்கு மேல் ஆகும். இரண்டு ஹெட்லைட்டும் ஒழுங்காக எரியும் வண்டிக்கே இந்தக் கணக்கு. ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சளாகிப் புகை பிடித்தாற்போல ஆன வண்டிக்கும், ஒரு கண் போன வண்டிக்கும் என்ன கணக்கு? உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பாதிக்கும் மேல் நடந்து போகிறவர்களும் சைக்கிள், பைக்கில் போகிறவர்களும். சுற்றிலும் இரும்புக் கூண்டு இல்லாதவர்கள். விளக்கு யாருக்கு வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கே பதில்.

இதைச் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். இரவில் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம், ஹைபீம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றிலும் இடது, வலது விளக்குகளின் வெளிச்ச வட்டம் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று தெரிந்துவிடும். பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி பிரேக்கை மிதித்தால் சுவரில் எத்தனை சிவப்பு விழுகிறது என்று உள்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் பார்க்கலாம். இண்டிகேட்டர் போட்டால் 'டிக் டிக்' சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கிறதா? நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டியது, ஒரு பல்ப் போனால் பல வண்டிகளில் இன்னும் படபடவென்று அடிக்கும். வண்டியே சொல்கிறது, நாம்தான் பாட்டுச் சத்தத்தில் கேட்பதில்லை. ஹாலோஜன் பல்பை நீங்களே மாற்றுவதாக இருந்தால் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம், கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அந்த இடம் அதிகமாகச் சூடாகிச் சீக்கிரம் போய்விடும், துணியாலோ காகிதத்தாலோ பிடியுங்கள்.

ஜெர்மனியில் ஒவ்வொரு அக்டோபரிலும், குளிர்கால இருட்டு தொடங்குவதற்கு முன், கார் பழுது பார்ப்பவர்கள் காசு வாங்காமல் விளக்குகளைச் சோதித்துக் கொடுக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் கணிசமான வண்டிகளில் குறை கண்டுபிடிக்கிறார்கள். பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனையில் வண்டிகள் தேறாமல் போவதற்கு முன்வரிசையில் நிற்கும் காரணங்களில் ஒன்று விளக்குதான். அந்த ஊர்களிலேயே இப்படி என்றால், சோதனையே இல்லாமல் ஓடும் வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சர்வீசுக்கு விடும் வண்டியில் ஆயில் மாற்றி, கழுவி, சென்ட் அடித்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள், எல்லா விளக்கையும் ஒரு சுற்று போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன? இரண்டு நிமிட வேலை. உங்கள் பத்திரிகை இதைக் கொஞ்சம் அழுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு எரிந்தும் பயன்படுத்தாதவர்கள் இன்னொரு ரகம். முதலில் பிரேக்கை மிதிப்பார்கள், பிறகு ஸ்டியரிங்கை ஒடிப்பார்கள், பாதி திரும்பிய பிறகு இண்டிகேட்டர் போடுவார்கள். திரும்பிவிட்டேன் என்று எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும், அதுதான் தெரிகிறதே, திரும்பப் போகிறேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். 1968-ல் வியன்னாவில் பல நாடுகள் கூடி எழுதிய சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே, திரும்புவதற்கு முன் தெளிவாகவும் போதிய நேரம் முன்பாகவும் அடையாளம் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறவர்களும் உண்டு, பக்கத்துச் சாலையிலிருந்து வருகிறவருக்கு அதில் ஒரு பக்கம்தான் தெரியும், இவர் திரும்பப் போகிறார் என்று நம்பி அவர் வண்டியை எடுப்பார். பலத்த மழையில் நான்கையும் போட்டுக்கொண்டே ஓடுவதும் அப்படித்தான், அந்த வண்டி நிற்கிறதா, போகிறதா, திரும்புகிறதா என்று ஒன்றும் புரியாது.

கதவு விஷயம் எனக்கு மிக முக்கியம். ஓரமாக நிறுத்திய காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் படாரென்று திறந்ததில் ஒரு கல்லூரிப் பெண் சைக்கிளோடு விழுந்ததை நான் பத்தடி தூரத்தில் பார்த்தேன். அவள் விழுந்த பக்கம் அந்த நேரத்தில் வேறு வண்டி வரவில்லை, அவ்வளவுதான், வேறெதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சரளைக் கல் ஒட்டியிருந்தது. காரில் இருந்தவர், "பாத்து வரக் கூடாதாம்மா" என்று அவளைத்தான் கேட்டார். மேலே சொன்ன அதே உடன்படிக்கையில், மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று தனியாகவே ஒரு விதி உண்டு. நெதர்லாந்தில் ஒரு பழக்கம் சொல்லித் தருகிறார்கள், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல் மறு கையால் எட்டித் திறப்பது. கையை எட்டினால் உடம்பு திரும்பும், உடம்போடு தலை திரும்பும், பின்னால் வருவது தானாகக் கண்ணில் படும். குழந்தைகளுக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஒட்டி ஒட்டிப் பின்னால் வருவது, கோட்டைத் தாண்டி நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் நிறுத்துவது, தேங்கிய தண்ணீரை ஓரமாக நடப்பவர் மேல் வாரி அடிப்பது, ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் ஒதுங்கி விட்ட வழியில் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறப்பது, இவற்றையெல்லாம் எழுதப் போனால் உங்கள் பக்கம் போதாது. ஓட்டும்போது போன் பார்ப்பதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும் அதை அப்படியே ஆமோதிக்கிறேன்.

சில வருடம் முன்பு என் காரிலும் ஒரு பக்கப் பின்விளக்கு போயிருந்தது, எனக்குத் தெரியாது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நான் வண்டி நிறுத்தும் வரை மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து, கண்ணாடியைத் தட்டி, "தம்பி, பின்னால ஒரு லைட்டு இல்ல, ராத்திரியில பைக்குனு நினைச்சு இடிச்சுடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் டிக்கியைத் திறந்து மாற்றினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது. அன்றிலிருந்து யார் வண்டியில் விளக்கு எரியவில்லை என்றாலும் நிறுத்திச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்கிறார்கள், சிலர் இறங்கி வந்து பார்க்கிறார்கள். நீங்களும் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். ஓட்டுகிறவருக்குத் தன் பின்விளக்கு தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

கடைசியாக, அந்த மழை இரவில் "தெரியும்" என்று சொன்ன சார், நீங்கள் இந்தப் பத்திரிகை வாங்குகிறவராக இருந்தால் உங்களுக்கு ஒன்று. பிரேக் லைட் எல்லாம் ஒன்றாகப் போயிருக்கிறது என்றால் எல்லா பல்பும் ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது போயிருக்கலாம், இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் இந்த இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்று உங்கள் பின்னால் வந்த வாசகன்